நான் படிக்காமல் போட்ட கையெழுத்து

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாழ்க்கையில் சுமார் கால்மணி நேரம் நான் எழுத்து மூலமாக ஓர் ஆண்பிள்ளையாக இருந்திருக்கிறேன். அதுவும் சென்னிமலைப் பக்கத்து நெசவாளி. இதற்கு அத்தாட்சியாக ஒரு காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது. போட்டது நான்தான், யாரும் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. முறுக்கிச் சுழித்து, கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருந்தேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். கோயமுத்தூரில் ஆசிரியைப் பயிற்சி முடித்த சூட்டோடு, காரமடை ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு சிற்றூரின் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம். மத்தியானம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பயிற்சிப் பள்ளியில் பெண் கல்வியைப் பற்றி யாரோ ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த வேகம் தணியவில்லை. ஊர்ப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறேன் என்று மத்தியான வகுப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டேன். (அந்தப் பேச்சாளரை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.)

இடம் கொடுத்தவர் பள்ளிக்கூடத்து மானேஜர் நல்லண்ணன். அவருடைய பருத்திக் கொட்டகை காலியாகக் கிடந்தது. "பருத்தி வர்ற வரைக்கும் வெச்சுக்கங்க டீச்சரம்மா. தையில எனக்குக் கொட்டகை வேணும். அதுக்குள்ள எங்காவது பண உதவி கெடச்சா தனியா ஒரு ஓலைச் சாளை போட்டுக்கலாம். கெடைக்கலீன்னா சிலேட்டை எல்லாம் கட்டி வெச்சுப்போட்டு அவங்கவங்க சோலியப் பாக்க வேண்டியதுதானுங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய நல்ல மனசுக்கும் பருத்திக்கும் போட்டி வந்தால் பருத்திதான் ஜெயிக்கும் என்று ஊருக்கே தெரியும்.

இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். களை வெட்டிவிட்டு, கையில் மண்ணோடு வருவார்கள். முதல் நாள் கரும்பலகையில் எழுதிப்போட ஒரு வாக்கியம் தேடினேன். "படிக்காமல் கையெழுத்துப் போடாதே" என்று எழுதினேன். பெரிய தத்துவம் எதையும் நினைத்து எழுதவில்லை. அதில் 'ழு' வருகிறது, பழக நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். அதை அவர்கள் சிலேட்டில் ஐந்து மாதம் எழுதினார்கள். எழுதி எழுதி அழித்தார்கள். எனக்கு அது வெறும் எழுத்துப் பயிற்சி. அவர்களுக்கு அப்படி இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

முக்கியமாகப் பாவாத்தாளுக்கு. நாற்பது வயது இருக்கும் அவளுக்கு. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னை அம்மணி என்பாள். புருஷன் போன பிறகு கொழுந்தன்மார் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, பத்திரத்தில் கட்டைவிரலை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினாள். மறுவாரம் கிணற்றில் தன் முறைக்குத் தண்ணீர் இறைக்க மாட்டைப் பூட்டினால், உனக்கு இதில் முறை கிடையாது, நீயே ரேகை வைத்துக் கொடுத்துவிட்டாய் என்றார்களாம். அதிலிருந்து அவள் பாகத்துக்கு வந்த காடு மழையை நம்பித்தான். அந்தப் பத்திரத்தின் நகலை மஞ்சள் துணியில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுவருவாள். பாடம் முடிந்து எல்லோரும் போனபின், விரலை வைத்து ஒரு நாளைக்கு ஒரு வரி, நல்ல நாளாக இருந்தால் இரண்டு வரி, எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

"குடுங்க அக்கா, நான் ஒரே மூச்சுல படிச்சுச் சொல்லிடறேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிச்சுச் சொன்னவங்க முந்தியே இருக்கறாங்க அம்மணி. இதை நானே படிச்சுக்கறேனுங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். மூன்று பக்கப் பத்திரம். கார்த்திகைக்குள் இரண்டு பக்கம் முடித்திருந்தாள். மூன்றாம் பக்கம் முடிவதற்குள் தை வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அந்தச் சமயத்தில்தான் மானேஜர் ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோயமுத்தூரில் பஞ்சாலைக் குடும்பம் ஒன்று நடத்தும் தர்ம நிதியிலிருந்து கிராமத்துப் பள்ளிகளுக்கு உதவி தரப்போகிறார்களாம். சங்கீதம், எழுத்தறிவு, அந்நிய பாஷைப் பயிற்சி ஆகிய மூன்றும் நடக்கும் இடங்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்தது.

ஒன்றுதான் நடக்கிறது என்று எழுதியிருக்கலாம். யார் கையைப் பிடித்தார்கள்? நான் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, எங்கள் பெண்கள் கீர்த்தனைகள் பாடுகிறார்கள், இங்கிலீஷில் உரையாடுகிறார்கள், தங்கள் பெயரை அழகாக எழுதுகிறார்கள் என்று ஒரு விண்ணப்பம் எழுதினேன். கடைசி ஒன்று உண்மை. முன்னால் சொன்ன இரண்டும் அண்டப்புளுகு. பத்து நாளில் பதில் வந்தது. நிதியின் காரியதரிசி இன்னும் மூன்று வாரத்தில் நேரில் வந்து பார்வையிடுவாராம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று.

மூன்று வாரத்தில் கீர்த்தனையும் இங்கிலீஷும் வர வேண்டும். காரமடை பஜனை கோஷ்டியிடம் ஓர் ஆர்மோனியம் இரவல் வாங்கினேன். எனக்குச் சங்கீதத்தில் சரளி வரிசை வரைக்கும் தெரியும். அதற்கு மேல் என் குரலும் ஏறாது, என் விரலும் ஓடாது. ஆனாலும் பெரிய பாகவதர் மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் சம்மணம் போட்டு உக்காருங்க. கச்சேரின்னா உக்காந்துதான் பாடணும்" என்று உத்தரவு போட்டேன்.

நாச்சம்மாள் என்று ஒருத்தி. ஊரில் எந்த நோம்பி வந்தாலும் கும்மிக்கு அவள்தான் முதல் குரல். அவள் தயங்கித் தயங்கி, "அம்மணி, உக்காந்துட்டா எங்களுக்குப் பாட்டு வர்றதில்லீங்க. நின்னு சுத்துனாத்தானுங்க வரும்" என்றாள்.

"கும்மி வேற, சங்கீதம் வேற" என்றேன்.

"அதுக்கில்லீங்க. பொம்பளைங்க வட்டமா உக்காந்து பாடுனா..." என்று ஆரம்பித்தாள். நான் கையை உயர்த்தி நிறுத்திவிட்டேன். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது.

இங்கிலீஷ் அதைவிடச் சுலபமாகப் போயிற்று. 'குட் ஆஃப்டர்நூன் சார்', 'மை நேம் இஸ்', 'எஸ் சார்', 'தேங்க்யூ சார்'. இந்த நாலோடு நிறுத்திக்கொண்டோம். ஒரே ஒரு சிக்கல். வயசில் பெரியவரிடம், அதுவும் பட்டணத்து அதிகாரியிடம், மொட்டையாகப் பேச எங்கள் பெண்களுக்கு நாக்கு வரவில்லை. 'எஸ்ஸுங்க சார்', 'தேங்க்யூங்க' என்றுதான் வந்தது. மரியாதை இல்லாமல் பேசச் சொல்லிக்கொடுக்க நானும் மூன்று வாரம் பாடுபட்டேன். முடியவில்லை.

அந்த நாளும் வந்தது. காரியதரிசி காரமடை ஸ்டேஷனில் இறங்கி, மானேஜருடைய வில் வண்டியில் வந்து சேர்ந்தார். உயரமான மனிதர். கோட்டு, தலைப்பாகை, தங்க ஃபிரேம் கண்ணாடி. சிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் போல ஒரு முகம். கொட்டகையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கழுத்தில் ஒரு கனத்த செவந்திப் பூ மாலை போட்டோம். கொட்டகையில் பருத்திக்கொட்டை வாடை அடிக்கிறதே என்று அவர் காலடியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்தது என் யோசனை. பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு, அதுவும் என் யோசனைதான்.

வணக்கம் சொல்லும் படலம் முதலில் நடந்தது. இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று ஒரே குரலில், "குட் ஆஃப்டர்நூனுங்க சார்" என்றார்கள்.

அவர் ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாச்சம்மாளைப் பார்த்து இங்கிலீஷில் பெயர் கேட்டார்.

"மை நேம் இஸ் நாச்சம்மாளுங்க."

"வெரி குட். டூ யூ லைக் யுவர் ஸ்கூல்?"

இது பாடத்தில் இல்லை. நாச்சம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று, "தேங்க்யூங்க" என்றாள். காரியதரிசி நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். ஒரு வார்த்தைதான் எழுதினார். அது சின்ன வார்த்தை.

அடுத்தது கீர்த்தனை. பெண்கள் அவரைச் சுற்றி வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் ஆர்மோனியத்தில் விரலை வைத்தேன். வைத்த விரலை எடுத்தபின்னும் சத்தம் நிற்கவில்லை. ஒரு கட்டை அமுங்கியது அமுங்கியபடியே நின்று 'ஙீ' என்று அழுதுகொண்டே இருந்தது. நான் தட்டினேன், இழுத்தேன், நகத்தால் நெம்பினேன். துருத்தியை விட்டிருந்தால் நின்றிருக்கும். ஆனால் அந்தக் கலவரத்தில் என் இடது கை தன்பாட்டுக்குத் துருத்தியை அசைத்துக்கொண்டே இருந்தது.

அந்த அழுகைச் சுருதிக்குப் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த கீர்த்தனைதான், வார்த்தையெல்லாம் சரிதான். ஆனால் வட்டமாக உட்கார்ந்ததும் அவர்கள் உடம்புக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. பெண்கள் இப்படி உட்கார்ந்து பாடுவது எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். நாச்சம்மாள் அன்றைக்குச் சொல்ல வந்தது அதைத்தான். முதல் வரி இழுத்தது. இரண்டாம் வரியில் தோள்கள் முன்னும் பின்னும் ஆடின. மூன்றாம் வரியில் பக்கத்திலிருப்பவள் தோளில் கை விழுந்தது. நாலாவது வரியில் ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நடுவில், கழுத்தில் மாலையோடு, காலடியில் ஊதுபத்தியும் விளக்கும் எரிய, காரியதரிசி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் இந்தச் சத்தம் கேட்டு நின்றார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்து, தணிந்த குரலில் மானேஜரைக் கேட்டார். "ஏனுங்க, யாருங்க தவறிப்போனது? ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சொல்லி உட்டாச்சுங்களா?"

மானேஜர் அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனார். நான் துருத்தியை விட்டேன். காரியதரிசி மாலையைக் கழற்றி மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நான் முழுக்க உடைந்துபோகவில்லை. ஏனென்றால் மிச்சமிருந்தது எழுத்து. அது என் சொந்த உழைப்பு. அதில் புளுகு இல்லை. "சார், இனிமேல் நீங்கள் எங்கள் பெண்களின் கையெழுத்தைப் பாருங்கள்" என்றேன். அவரும் பெட்டியிலிருந்து ஒரு நீளமான காகிதத்தை எடுத்தார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. மேலே ஐந்தாறு வரி. கீழே வரிசையாகக் கோடுகள். "இந்தக் கோடுகளில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டால் போதும். நிதிக் கமிட்டி இதைத்தான் பார்க்கும்" என்று தன் பவுண்டன் பேனாவைக் கொடுத்தார்.

பவுண்டன் பேனாவை அதுவரை பெண்கள் பார்த்ததில்லை. எப்படிப் பிடிப்பது என்று காட்டுவதற்காக, முதல் கோட்டில் நானே என் பெயரை எழுதினேன். மரகதம். முன்பே சொன்னேனே, முறுக்கிச் சுழித்து, இரண்டு கோடு இழுத்து. பிறகு பேனாவைப் பாவாத்தாளிடம் நீட்டினேன். வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவளுடையதுதான்.

அவள் பேனாவை வாங்கவில்லை. காகிதத்தை வாங்கினாள். மேலே இருந்த வரிகளில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை.

"ஏனுங்க, இது தமிழ் இல்லீங்களே" என்றாள்.

"இங்கிலீஷ் அம்மா. நீ பெயரை மட்டும் எழுது" என்றார் காரியதரிசி.

"என்னன்னு எழுதியிருக்குதுங்க?"

"நீங்கள் எல்லாரும் இந்த வகுப்பில் படிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறது."

"நீங்க பொய் சொல்லுவீங்கன்னு நான் சொல்லலீங்க. ஆனாக்க, அதுதான் எழுதியிருக்குதான்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

இவ்வளவையும் தலையைக் குனிந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' வைத்துத்தான் கேட்டாள். மறுப்பதிலும் எங்கள் ஆட்கள் மரியாதையாகத்தான் மறுப்பார்கள். ஆனால் மறுத்துவிட்டால் மறுத்ததுதான். பேனா அடுத்தவளிடம் போயிற்று; அவள் பாவாத்தாளைப் பார்த்தாள், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதற்கடுத்தவளும் அப்படியே. நாச்சம்மாள் பேனாவைப் பணிவாக இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே பணிவாகக் காரியதரிசியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மானேஜர் வாசலிலிருந்து ஓடிவந்தார். "ஏனம்மா, மானத்தை வாங்கறீங்க? கையெழுத்துக்குத் தெகிரியம் வரலீன்னா ரேகையாவது வெச்சுப்போடுங்களேன்" என்றார். காரியதரிசி பெருமூச்சு விட்டுப் பெட்டிக்குள்ளிருந்து மைத்தட்டை எடுத்து வைத்தார்.

அந்த மைத்தட்டைக் கண்டதும் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இருபத்திரண்டு பெண்களும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டார்கள். பிறந்த குழந்தை கையை மூடிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி.

எனக்கு அழுகை முட்டியது. அழுகையைவிட அதிகமாகக் கோபம். ஐந்து மாத உழைப்பு, ஓலைச் சாளை, பாவாத்தாளின் மூன்றாம் பக்கம், எல்லாம் அந்தக் கோடுகளில்தான் இருந்தது. "அக்கா, உங்களுக்காகத்தானே இத்தனையும் பண்றேன். என்மேல நம்பிக்கை இல்லையா? நானே போட்டிருக்கேன், பாருங்க" என்றேன்.

பாவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களை நம்பாம இருப்பமா அம்மணி? நீங்க படிச்சுச் சொல்லுங்க, போடறோம். நீங்க படிச்சுட்டுத்தானுங்களே போட்டீங்க?"

கரும்பலகை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

காகிதத்தைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் முதல்முறையாக அதைப் படித்தேன். ஒரு வரி படித்தேன். என் இங்கிலீஷில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடியும் படித்தேன். பிறகு, வேறு வழியில்லாமல், தமிழில் சத்தமாகச் சொன்னேன்: "சென்னிமலையை அடுத்த நெசவாளர் பாடசாலையில் படிக்கும் வயதுவந்த ஆண்களாகிய நாங்கள், நிதியார் அன்புடன் அளித்த ஒரு மிருதங்கத்தையும் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம் என்று உறுதி கூறுகிறோம்."

கோயமுத்தூர் ஆபீஸில் யாரோ காகிதத்தை மாற்றி வைத்துவிட்டார்கள். காரியதரிசி அதைப் பெட்டியில் போட்டு அத்தனை தூரம் கொண்டுவந்திருக்கிறார். அவர் படிக்கவில்லை. நான் படிக்கவில்லை. மானேஜருக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தக் கொட்டகையில் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள், அதைப் படிக்கத் தெரியாதவள்.

நாச்சம்மாள்தான் முதலில் சிரித்தாள். "அம்மணி, அப்ப நீங்க ஆம்பளைன்னு எழுதிக் குடுத்துப்போட்டீங்களா?" என்றாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

காரியதரிசி சிரிக்கவில்லை. முகம் சிவக்க, காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தார். அதிகாரிகள் வெட்கப்பட்டால் அடுத்தவர்மேல்தான் கோபம் வரும். "மிஸ், நீங்கள் ஓர் ஆசிரியை. படித்துப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

பதில் சொன்னது பாவாத்தாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், பரிவோடுதான் சொன்னாள்.

"சின்னப் புள்ளைங்க. இப்பத்தானுங்களே தொடங்கியிருக்கறாங்க. போகப் போகக் கத்துக்குவாங்க."

காரியதரிசி ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்தார். ஆசையாகச் சுட்டு வைத்திருந்த ஒப்பிட்டுப் பலகாரத்தைத் தொடவில்லை. வண்டி ஏறும்போது மானேஜரிடம், "சங்கீதம் இல்லை, பாஷை இல்லை. கையெழுத்தும் ஒன்றுகூட இல்லை. நான் கமிட்டிக்கு என்ன காட்டுவது?" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மானேஜர் என்னிடம் வந்து அதிகம் பேசவில்லை. "தை பொறந்ததும் கொட்டகையைக் காலி பண்ணிக் குடுத்துப்போடுங்க டீச்சரம்மா" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் ஆர்மோனியத்தைத் திருப்பிக் கொடுக்க வண்டியில் போகும்போது, வழியெல்லாம் அழுதேன். யாராவது பார்த்தால் தூசி விழுந்தது என்று சொல்ல நினைத்திருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை என்பது இன்னும் வருத்தமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். பாவாத்தாள் மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு பக்கந்தானுங்க. தைக்குள்ள ரெண்டு ரெண்டு வரியாப் போயிரலாம் அம்மணி" என்றாள். தன்னால்தான் உதவி போயிற்று என்ற நினைப்பு அவளுக்கு இருந்திருக்கும். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான். நானும் கேட்கவில்லை. அன்றைக்கு மூன்று வரி படித்தோம்.

மார்கழிக் கடைசியில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு புதுக் காகிதம். தமிழில் டைப் அடிக்க அவர்களிடம் மெஷின் இல்லை போலிருக்கிறது. முழுக்கக் கையாலேயே, அச்சு மாதிரி எழுதியிருந்தது. கூடவே காரியதரிசியின் சிறு கடிதம். சங்கீதத்துக்கும் பாஷைக்கும் இப்போது உதவி இல்லையாம். எழுத்தறிவுக்கு மட்டும் கமிட்டியில் தானே பேசி வாங்கியிருப்பதாக எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: "பெண்மணிகள் இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும்." 'படித்துப் பார்த்து' என்ற இடத்தில் அடிக்கோடு இருந்தது. அந்த மனிதர் எங்கேயோ தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறார் என்று அப்போது தோன்றியது.

அந்த ஒரு பக்கத்தைப் படிக்க எங்களுக்கு இரண்டு மத்தியானம் ஆயிற்று. ஒருத்தி ஒரு வார்த்தை, அடுத்தவள் அடுத்த வார்த்தை. மானேஜர் வாசலில் நின்றுகொண்டு, "பணம் வருதுங்க, போட்டுத் தொலைங்களேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் பாவாத்தாளின் விரல் முதல் வரிக்கே திரும்பிப் போய் நின்றது.

"அம்மணி, இதைப் பாருங்க. 'எழுத்தறிவில்லாத பெண்களாகிய நாங்கள்'னு போட்டிருக்குதுங்க."

"ஆமாம் அக்கா. அது சும்மா ஒரு வழக்கம்" என்றேன்.

"எழுத்தறிவில்லாதவங்க இதை எப்படீங்க படிச்சாங்க? எப்படீங்க கையெழுத்துப் போடறது? தப்பா எழுதினதுல கையெழுத்துப் போட்டா நம்ம பேருல்லீங்க கெடும்?"

மானேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினார். எனக்கும் பயம்தான். ஆனால் ஒரு தடவை ஆண்பிள்ளையாக இருந்தது போதும் என்று தோன்றியது. காகிதத்தை உறையில் போட்டு, தவறைத் திருத்தி அனுப்பும்படி கேட்டுத் திருப்பி அனுப்பினேன். பதில் வரும்வரை எட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பருத்தி வண்டிகள் கொட்டகை வாசலுக்கே வந்து நின்றுவிட்டன.

ஒன்பதாம் நாள் வந்த காகிதத்தில், "எழுத்தறிந்த பெண்களாகிய நாங்கள்" என்று இருந்தது. இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி ஆள் போட்டு முடித்ததும் நாச்சம்மாள் எழுந்து நின்று கையைத் தட்டினாள். எல்லோரும் எழுந்து சுற்ற ஆரம்பித்தார்கள். அப்பேர்ப்பட்ட குரல்கள் அவை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது கேட்க ஒரு காரியதரிசியும் இல்லை; கெடுக்க ஓர் ஆர்மோனியமும் இல்லை.

ஓலைச் சாளை எழும்பியது. மாசி மாதம் அங்கே உட்கார்ந்து பாவாத்தாள் தன் பத்திரத்தின் கடைசி வரியைப் படித்து முடித்தாள். ஏமாற்று வேலை ஏதாவது வெளியே வரும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கிணற்று முறையை அவள் விட்டுக்கொடுத்தாள் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கொழுந்தன்மார் பொய் சொல்லவில்லை; ரேகை வைப்பதற்கு முன்னால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சரியாத்தானுங்க எழுதியிருக்குது. இனி மழை வந்தா வருது" என்றாள். பிறகு என்னிடம் பேனா கேட்டாள். நகலில் அவளுடைய ரேகை என்று குறித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், நிதானமாக, 'பாவாத்தாள், படித்தேன்' என்று எழுதினாள். மையை ஊதிக் காயவைத்து, துணியில் சுற்றிக்கொண்டு போனாள். அவள் போனபின் நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள்மேல் எனக்கு அப்போது வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, இந்தக் கதையை என் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்தில் யார் பேனா வைத்தாலும், "பாவாத்தா பாத்தாச்சுங்களா?" என்று ஒரு குரல் கேட்கும். தந்திக்காரன் வந்தாலும் கேட்கும். நிலம் வாங்கினாலும் கேட்கும். என் மகன் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டை நீட்டினபோதுகூடக் கேட்டிருக்கிறது. (அவன் விஷயத்தில் அது நல்லதாகவே போயிற்று.)

போன வருஷம் என் பேரனுக்குக் கல்யாணம். வீடு ஒன்று கிரயம் பேசி முடித்து, எல்லோரும் உட்கார்ந்து பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல ஆளுக்கு ஆள், "பாவாத்தா பாத்தாச்சுங்களா?", "பாவாத்தா பாக்காம எப்படீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்க அப்பத்தா, பாவாத்தாதானுங்களா நம்ம குலசாமி? எந்த ஊருங்க கோயில்? பூப் போட்டு உத்தரவு கேக்க என்னைக்குப் போறோமுங்க?" என்று கேட்டாள்.

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, "ஆமா கண்ணு. காரமடைப் பக்கம்" என்று சொல்லிவிட்டேன்.